வெள்ளி மாலைக்குள் முடிக்க வேண்டியவை: ஹட்ஸாலா தொண்டருக்கான சப்பாத் தயாரிப்பு

ஹட்ஸாலா என்றால் எபிரேய மொழியில் மீட்பு. 1960களின் கடைசியில், நியூயார்க் புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் ரப்பி (யூத மதகுரு) ஹெர்ஷல் வெபர் தொடங்கிய யூதத் தொண்டர் ஆம்புலன்ஸ் சேவை இது. ஆம்புலன்ஸ் வந்தால்தான் சிகிச்சை என்ற நிலையை மாற்றியதுதான் இதன் பலம். பக்கத்துத் தெருவில் கடையிலோ வீட்டிலோ ஜெபாலயத்திலோ இருக்கும் பயிற்சி பெற்ற தொண்டர் ஆக்சிஜனும், நின்ற இதயத்துக்கு மின் அதிர்வு கொடுக்கும் ஏஇடி கருவியுமாகத் தன் காரில் முதலில் போய்ச் சேர்கிறார். இன்னொருவர் ஷெட்டிலிருந்து ஆம்புலன்ஸை எடுத்து வருகிறார்.

இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்துவதும் மின் அதிர்வு கொடுப்பதும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. அந்த நிமிடங்கள் சாலையில் மட்டும் போவதில்லை. சாவியைத் தேடுவதிலும், காலியான சிலிண்டரைத் திறந்து பார்த்துத் திகைப்பதிலும் போகின்றன. வெள்ளி இரவில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வெள்ளி சூரிய அஸ்தமனம் தொடங்கி சனி இரவு வரை, யூதர்களின் வார ஓய்வு நாளான சப்பாத். அப்போது வண்டி ஓட்டக்கூடாது, எழுதக்கூடாது, விளக்கைப் போடவோ அணைக்கவோ கூடாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் இந்தத் தடைகள் எல்லாம் விலகிவிடும். ‘பிகுவாஹ் நெஃபெஷ்’, அதாவது உயிர் காத்தல், என்பது அந்த விதி. யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூஹ் இன்னும் கறாராகப் பேசுகிறது: இதில் விரைபவனே பாராட்டுக்குரியவன்; அனுமதி கேட்டு நிற்பவன் இரத்தம் சிந்துகிறவன். ஆகவே அழைப்பு வந்தபின் யோசனைக்கே இடமில்லை. யோசிக்க வேண்டியதை எல்லாம் வெள்ளி பிற்பகலிலேயே யோசித்து முடியுங்கள். நியூயார்க்கில் அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பு வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகவே பையைத் திறந்து உட்காருங்கள்.

முதலில் ஆக்சிஜன்

காரில் வைப்பது பெரும்பாலும் ‘டி’ அளவு சிலிண்டர். எவ்வளவு நேரம் வரும் என்று கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். கேஜ் (அழுத்தமானி) காட்டும் அழுத்தத்தில் 200 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) கழித்து, ‘டி’ அளவுக்கு உரிய 0.16ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கொடுக்கிறோமோ அதால் வகுங்கள். 2000 பிஎஸ்ஐ இருந்து, பையோடு கூடிய மாஸ்க்கில் 15 லிட்டர் கொடுத்தால் 19 நிமிடம் வரும். 1000 பிஎஸ்ஐ இருந்தால் எட்டரை நிமிடம்தான். நான்காவது மாடியிலிருந்து ஒருவரை நாற்காலியில் வைத்து இறக்க அது போதாது. அதனால் 1000க்குக் கீழே இருப்பதை வெள்ளியன்றே மாற்றிவிடுவது நல்லது.

மாற்றும்போது, ரெகுலேட்டரை மாட்டும் முன் வால்வை முகத்துக்கு எதிர்ப்புறம் திருப்பி ஒரு நொடி திறந்து மூடுங்கள். வாயிலில் உள்ள தூசி பறந்துவிடும். வாஷர் இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘உஸ்’ என்று கசிந்தால் பெரும்பாலும் வாஷர்தான் காரணம். இன்னும் பலமாக முறுக்கிப் பயனில்லை, புதியது போடுங்கள். கையில் எண்ணெயோ க்ரீமோ இருக்கவே கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். வெள்ளி பிற்பகலில் பலர் சமையலறையிலிருந்து நேராக வந்து சிலிண்டரைத் தொடுகிறார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள்.

சோதித்து முடித்ததும் வால்வை மூடி, ரெகுலேட்டரில் மிச்சமிருக்கும் காற்றையும் வெளியே விட்டு, முள் பூஜ்யத்துக்கு வருவதைப் பாருங்கள். இதை விட்டால் உள்ளே சிக்கிய அழுத்தத்தையே கேஜ் காட்டிக்கொண்டிருக்கும். அடுத்தவர் அதைப் பார்த்துச் சிலிண்டர் நிறைந்திருக்கிறது என்று நம்பிவிடுவார்.

ஏஇடியில் நிலை காட்டும் விளக்கு, மார்பில் ஒட்டும் பேட்களின் காலாவதித் தேதி, கூடவே மார்பு முடியை மழிக்க ரேஸரும் ஈரம் துடைக்கத் துண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோடையில் பூட்டிய காரில் கிடந்தால் பேட்டின் பசை காய்ந்துவிடும். கடும் ஒவ்வாமைக்குப் போடும் எபிநெஃப்ரின் ஊசியையும் காரில் விட்டுவைக்காதீர்கள். அதன் கண்ணாடிச் சாளரத்தில் மருந்து நிறம் மாறியோ கலங்கியோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

காரும் ரேடியோவும்

கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கை நிறுத்தி வையுங்கள். முகப்பைத் தெருப் பக்கம் வைத்து நிறுத்துங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே வேண்டாம். காரில் சிலிண்டர் உருளாதபடி பெல்ட் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். சாவிக்கு ஒரே இடம், அது மாறவே கூடாது. அழைப்பு வரும் ரேடியோவை (வாக்கி-டாக்கி) முழு சார்ஜோடு இயக்கியே வைத்து, ஒலியை முன்கூட்டியே சரிசெய்து, ஜெபாலயத்துக்கு இயர்போனோடு எடுத்துப் போங்கள். அழைப்பை எடுத்து ஆட்களை அனுப்பும் டிஸ்பாட்சர் முகவரியும் குறுக்குத் தெருவும் சொன்னதும், போகிறவர் ரேடியோவில் தன் தொண்டர் எண்ணைச் சொல்ல வேண்டும். எல்லோரும் மௌனமாகக் கிளம்பினால், ஆம்புலன்ஸை எடுக்க யாருமே போகாமல் போய்விடும்.

வீட்டுக்குள் நுழைந்ததும்

மேசையைப் பாருங்கள். வெள்ளி இரவில் அங்கே மெழுகுவர்த்திகள் எரியும், அணைக்க மாட்டார்கள். 15 லிட்டர் ஆக்சிஜன் தாடியிலும் கம்பளிச் சால்வையிலும் தங்கிவிடும். ஒரு சிறு பொறி போதும். நோயாளியை வேறு அறைக்கு நகர்த்துவது மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைவிடச் சீக்கிரம் முடியும். நகர்த்த முடியாத நிலையில் தயங்காமல் அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மாஸ்க்கைச் சோபா மேல் வைக்காதீர்கள். மின் அதிர்வு கொடுக்கும்போது மாஸ்க் மார்பிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

நாடித்துடிப்பு இல்லையென்றால் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். மெத்தையில் கிடப்பவரைத் தரைக்கு இறக்குங்கள்.

சப்பாத் வீடுகளுக்கே உரிய இன்னொரு விபத்து, வெந்நீர்க் கொதிகலன். புதிதாகச் சுடவைக்கக் கூடாது என்பதால் இரவு முழுக்க அது கொதிநிலைக்கு அருகிலேயே இருக்கும்; குழந்தை அதன் வயரை இழுத்துவிடும். ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். புண்ணைக் குளிர்விக்கும்போதே உடம்பின் மற்ற பகுதியைப் போர்த்தி வையுங்கள். சின்னக் குழந்தைக்குச் சீக்கிரம் குளிர் ஏறிவிடும். குழந்தையின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடம்பில் ஏறத்தாழ 1 சதவீதம். அப்படிப் பத்து உள்ளங்கை அளவு வெந்திருந்தால் தீப்புண் சிகிச்சை மையம்தான்.

மார்புவலியோடு இருக்கும் பெரியவர், “சப்பாத் முடியட்டும் தம்பி, நாளைக்கு ராத்திரி போகலாம்” என்பார். வாதாடாதீர்கள். “சட்டம்தான் உங்களை இப்போது போகச் சொல்கிறது ஐயா” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லையென்று கேட்டுக்கொண்டு, 81 மி.கி. மாத்திரை நான்கை மென்று சாப்பிடச் சொல்லுங்கள். முழுதாக விழுங்கினால் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

நோயாளி பெண்ணாக இருந்தால் வீட்டுப் பெண் ஒருவரை அறையிலேயே நிறுத்துங்கள். தேவையான இடத்தை மட்டும் திறந்து, பார்த்ததும் போர்த்துங்கள். கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசக் கூடாது. நாளைக் காலை ஜெபாலயத்தில் அதே குடும்பம் உங்கள் பக்கத்தில்தான் உட்காரும்.

மருத்துவமனையில் விட்டபின்

இரத்த அழுத்தம், மருந்து கொடுத்த நேரம், டூர்னிக்கே (இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்கமான கட்டு) கட்டிய நேரம் ஆகியவை சிகிச்சைக்கு வேண்டியவை. எழுதியே ஆக வேண்டும். மற்ற விவரங்கள் சனி இரவுக்குக் காத்திருக்கலாம். திரும்பி வண்டி ஓட்டி வரலாமா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன், திரும்ப முடியாது என்று தெரிந்தால் அடுத்த முறை தொண்டர்கள் கிளம்பவே தயங்குவார்கள் என்பதால் அனுமதித்தார். வேறு சிலர் யூதரல்லாத ஓட்டுநரை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்கள் குழுவின் ரப்பி எதைச் சொல்கிறார் என்பதை வார நாளிலேயே கேட்டு வைத்திருங்கள்.

வந்ததும் படுக்கப் போகாதீர்கள். பாதி தீர்ந்த சிலிண்டர், பிரித்த பேட், பயன்படுத்திய மாஸ்க் மூன்றுக்கும் பதிலானவை ஷெட்டின் அலமாரியில் பிரித்து அடுக்கியிருக்கும். அவற்றை எடுத்துப் பையில் வைத்துவிட்டு, சாவியை அதன் இடத்தில் மாட்டுங்கள்.