கிளாக்கோமா: சொட்டு மருந்து எங்கே வீணாகிறது?

கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோயில் பெரும்பாலோருக்கு வலியோ சிவப்போ இருக்காது. முதலில் பக்கப் பார்வை குறையும். நேர்ப்பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால், எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிப்பவருக்கும் பார்வை நரம்பு வெகுவாகக் கெட்டிருக்கலாம். பார்வை மங்குவது கண்புரையால்தான் என்று நினைத்து, "புரை முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பெரியவர்களை வீட்டிலேயே வைத்திருப்பது இதனால்தான் ஆபத்து. புரையை எடுத்தால் பார்வை தெளியும். கிளாக்கோமாவில் போனது திரும்பாது. 40 வயதைத் தாண்டியவர்கள், அதிலும் பெற்றோருக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்நோய் உள்ளவர்கள், கண் அழுத்தத்தோடு பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்ற வழக்கமான அளவுக்குள் அழுத்தம் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு.

சொட்டு மருந்து தொடங்கிய பிறகு நடக்கும் தவறுகள்தான் அதிகம். இரண்டு மூன்று சொட்டு விட்டால் நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கிறார்கள். ஒரு சொட்டே கண் தாங்கும் அளவுக்கு அதிகம். மிச்சம் கன்னத்தில் வழிந்துவிடும், மாதக் கடைசிக்கு முன்பே பாட்டில் காலியாகும். கையைக் கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்துப் பை போலாக்கி, அதில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது, கிருமி ஏறும். பிறகு கண்ணைச் சிமிட்டாமல் மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரலால் 2 நிமிடம் அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் மருந்து மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கும். டைமோலால் (Timolol) என்கிற கிளாக்கோமா சொட்டு மருந்து அப்படிக் கலந்தால் நாடித்துடிப்பு குறையலாம், வீசிங் வரலாம். ஆஸ்துமா இருப்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு மருந்து என்றால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள். அடுத்தடுத்து விட்டால் இரண்டாவது முதலாவதை அடித்துக்கொண்டு போய்விடும்.

கவனிக்கப்படாத தவறு ஒன்று: பல நாள் மருந்து போடாமல் இருந்துவிட்டு, செக்கப்புக்கு இரண்டு நாள் முன்பு ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போவது. அன்றைக்கு அழுத்தம் நன்றாக இருக்கும், பக்கப் பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்டில் மட்டும் பார்வை குறைந்துகொண்டே போகும். மருந்து போதவில்லை என்று டாக்டர் நினைத்து இன்னொன்றைச் சேர்ப்பார், ஆபரேஷன்கூடச் சொல்வார். மருந்து போடாத நாட்களை மறைக்காமல் சொன்னாலே இது தவிரும்.

அரிப்புக்காக மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டு வாங்குவதும் மோசம். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்றவை சிலருக்குச் சில வாரங்களிலேயே அழுத்தத்தை ஏற்றிவிடும். அலர்ஜியால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் குழந்தைகளுக்கு இதை மாதக்கணக்கில் விடுவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

வலியோடு வரும் வகையும் உண்டு. ஒரு கண்ணில் திடீரெனக் கடும் வலி, சிவப்பு, மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே வாந்தி. வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள். அன்று இரவே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அழுத்தத்தை இறக்கிய பிறகு, பெரும்பாலும் லேசரில் சிறு துளை போடுவார்கள். வலி வராத மறு கண்ணுக்கும் அதைப் போடச் சொன்னால் மறுக்காதீர்கள், அதற்கும் இதே ஆபத்து இருக்கிறது.