சண்டைக்கு முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்

"நீ என்னை மதிக்கிறதே இல்லை" என்று துணையிடம் சொல்ல வாயெடுத்தால், அதையே திருப்பி "நான் உன்னை மதிக்கிறதில்லை" என்று முதலில் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். சுருக்கென்று தைத்தால், அந்தக் கோபத்தில் நம் பங்கும் இருக்கலாம். ஒப்புக்கொள்ள முடியாத எண்ணத்தை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டால் மனசுக்குப் பதற்றம் குறைகிறது; மனநல மருத்துவர் ஃபிராய்ட் 1890களிலேயே விவரித்த, மனசின் தற்காப்பு இது.

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் வாகன நெரிசலில் நொந்து வீடு வந்ததும் "ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்று கேட்கிறோமே, அதிலும் பல நேரம் இதுதான். "எனக்கு எரிச்சலா இருக்கு, பத்து நிமிஷம் கொடு" என்பதே சரியான வாக்கியம்.

அடி, மிரட்டல், கண்ணெதிரே பொய் என்றால் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே உங்கள் சந்தேகத்தை நம்புங்கள். துணையைப் பார்த்து "நீதான் உன் எண்ணத்தை என் தலையில் கட்டுறே" என்று சொல்லவும் இதைப் பயன்படுத்தாதீர்கள்.