சேர்ந்து செபிக்கும்போது நாம் விடும் தவறுகள்

போர் முடிந்த 2009இல், இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே முழங்காலில் நின்றபோது, பக்கத்தில் நிற்பவர் எந்தச் சபை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பி, கூரை போட்டு, மணி கட்டிய பிறகு அவரவர் கோயிலுக்குள் அவரவர் போய்விட்டோம். இப்போது கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் ஆண்டில் ஓரிரு தடவை சேர்ந்து செபிக்கிறோம். அந்த ஓரிரு தடவையிலும் ஒருவர் மனம் நொந்து வீட்டுக்குப் போனால், அடுத்த முறை அவரைக் கூப்பிட முடியாது.

முதல் தவறு அழைப்பிதழிலேயே தொடங்குகிறது. ஒரு பங்கோ சபையோ நிகழ்ச்சி நிரலை முழுவதும் எழுதி அச்சடித்துவிட்டு, மற்றப் போதகருக்கு “வாழ்த்துரை” என்று ஐந்து நிமிடம் ஒதுக்கும். வந்தவர்கள் செபிக்க வந்தவர்களாக இருப்பதில்லை, விருந்தாளிகளாக இருந்துவிட்டுப் போவார்கள். இரண்டு கிழமைக்கு முன்பே ஃபாதர், பாஸ்டர், சிஸ்டர், இளைஞர் எல்லாரும் வெற்றுத்தாளோடு ஒரு மேசையில் இருங்கள். தலைப்பில் “செபம்” என்று போடுவதா “ஜெபம்” என்று போடுவதா என்ற கேள்வி வரும். வரட்டும், அந்தப் பேச்சும் தேவையானதே.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரம் 1908இல் தொடங்கியது. ஜனவரி 18 முதல் 25 வரை. வன்னியில் அது பெரும்போக நெல் அறுவடைக்கு வரும் காலம். வயலில் நிற்பவர் மாலை ஐந்து மணிக்குக் கோயிலுக்கு வரமாட்டார். உலகின் சில பகுதிகளில் இதே வாரத்தைப் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி வைக்கிறார்கள், நாமும் வைக்கலாம். பெண்கள் முன்னின்று நடத்தும் உலக செப நாள் மார்ச் முதல் வெள்ளி. கத்தோலிக்கருக்கு அது முதல் வெள்ளிப் பூசை, பெரும்பாலும் தவக்காலச் சிலுவைப்பாதையும் சேர்ந்துவரும் நாள். பல சபைகளில் வெள்ளி உபவாச ஜெபம். நேரத்தை முன்கூட்டிப் பேசாவிட்டால் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் இருட்டினால் யானை இறங்கும், கடைசி பஸ்சும் போய்விடும். வெளிச்சம் இருக்கவே முடித்துவிடுங்கள்.

ஆண்டவர் கற்பித்த செபத்தில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். ஒரு முறை நான் நடுவில் நின்றேன். ஒரு பக்கம் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே”, மறுபக்கம் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே”. முடிவில் கத்தோலிக்கர் “ஆமென்” சொல்லி நிறுத்திவிட, மற்றவர்கள் “ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்” என்று தொடர்ந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மம்மா, தான்தான் பிழைவிட்டேனாக்கும் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தி அப்படியே விழுங்கிக்கொண்டார். அறிந்த செபத்தை ஒருவர் வெட்கப்பட்டுச் சொல்லும் நிலை வரக்கூடாது. “அவரவர் பழகிய சொல்லில், மெதுவாக, கடைசி வரியையும் சேர்த்து, ஒரே ஆமெனில் முடிப்போம்” என்று நடத்துபவர் முதலே சொன்னால் போதும். அந்த வரி கத்தோலிக்கருக்கும் புதிதல்ல. பூசையில் குருவானவர் இடையில் சொல்லும் மன்றாட்டுக்குப் பிறகு அதே பொருளில் அவர்களும் சொல்கிறார்கள்.

வாசகத்துக்கும் இப்படித்தான். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்தது. ஆனாலும் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்பதை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு “ஆண்டவரே என் ஆயர்” தூரமாக ஒலிக்கும். இருவர் அடுத்தடுத்து வாசிக்கட்டும். கத்தோலிக்கரின் விவிலியத்தில் உள்ள தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்கள் மற்றச் சபையாரின் வேதாகமத்தில் இல்லை; பொதுச் செபத்தில் அவற்றைத் தவிருங்கள்.

எல்லாருடைய முறையையும் ஒன்றாகக் கலந்து கரைப்பதும் தவறு. பெந்தெகொஸ்தே சபையார் சத்தமாக ஒரேநேரத்தில் செபிப்பார்கள், மெதடிஸ்தர் ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள், கத்தோலிக்கர் பதிலுரை சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுங்கள். எல்லாருக்கும் பொதுவானது மௌனம். 1940இல் சகோதரர் ரோஜே பிரான்சின் தேசே கிராமத்தில் தொடங்கிய குழுமம், குறும்பாடலைத் திரும்பத் திரும்பப் பாடி, நீண்ட மௌனத்தில் இருந்து செபிக்கிறது. நாங்களோ பத்து விநாடியில் கீபோர்ட்டைத் தட்டிவிடுகிறோம். மணிக்கூட்டைப் பார்த்து மூன்று நிமிடம் முழுதாக விடுங்கள்.

மடுத் திருத்தலத்து மாதாவிடம் சைவர்களும் போகிறார்கள்தான். அதற்காகப் பொதுச் செபத்தில் செபமாலையைச் சேர்த்தால் பாதிப்பேர் வாய்மூடி இருப்பார்கள். அதேபோல், “நான் முன்பு கத்தோலிக்கனாக இருந்தேன், பிறகுதான் இரட்சிக்கப்பட்டேன்” என்ற சாட்சியும் அங்கே வேண்டாம். கேட்டுக்கொண்டிருப்பது அவருடைய சொந்தத் தாயாகவும் இருக்கலாம். நற்கருணையைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். சேர்ந்து செபிப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் விரும்பி வரவேற்றது. ஒரே பந்தியில் நற்கருணை பெறுவது இன்னும் தீராத வேதனை.

கடைசியாக, பெயர் வாசிப்பு. போரில் இறந்தவர்களை நினைக்கும் மே மாதம் வந்தால் எல்லாக் கோயிலிலும் அது உண்டு. கத்தோலிக்கர் இறந்தவரின் ஆன்மாவுக்காகச் செபிப்பார்கள். மற்றச் சபைகள் அவருடைய வாழ்வுக்கு நன்றி சொல்லி, இருப்பவர்களின் ஆறுதலுக்காகக் கேட்பார்கள். “ஆண்டவரே, இவர்களை உம் கையில் ஒப்படைக்கிறோம்” என்றால் இருவரும் சேர்ந்து சொல்லலாம். ஆனால் நான் விட்ட பிழை அதுவல்ல. பெயர்ப்பட்டியல் எழுதியது நான்தான். இறந்தவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் ஒரே தாளில் எழுதிவிட்டேன். வாசித்து முடியமுன் ஒரு அம்மா எழும்பி வெளியே போனார். பின்னால் ஓடினேன். “என்ர பிள்ளையைச் செத்தவையோட சேத்துப்போட்டீங்களே, தம்பி” என்றார்.

அன்றிலிருந்து இரண்டு தாள். இரண்டாவது தாளில் வீட்டாரிடம் கேட்காமல் ஒரு பெயரும் எழுதுவதில்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும். சிலர் பெயர் மட்டும் தருவார்கள். சிலர் “சுகமாக வீடு வந்து சேர வேண்டும்” என்று எழுதித் தருவார்கள். எழுதியபடியே வாசியுங்கள்.