தேரிக்காட்டு செம்மண்ணை ஆயில் பெயிண்ட்ல கொண்டு வர்றது எப்படி

திருச்செந்தூர் பக்கத்துல குதிரைமொழி தேரி, அதாவது செம்மணல் மேடு இருக்குல்ல, அதை வரைய ஆரம்பிக்கறவங்க நிறைய பேர் மண்ணு சிவப்பா இருக்கேன்னு நேரா கேட்மியம் ரெட் டியூபை பிதுக்கிடறாங்க, அப்புறம் படத்துல பெயிண்ட்தான் தெரியுது, மண்ணு தெரிய மாட்டேங்குது. அங்க மணலுக்கு சிவப்பு குடுக்கறது இரும்பு ஆக்சைடு. நம்ம பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பு கலர் டியூப்ல இருக்கறதும் அதே இரும்பு ஆக்சைடுதான், மஞ்ச மண்ணை சுட்டா செங்கல் மாதிரி செவக்கும்ல, அதே கதை. அதனால பர்ன்ட் சியன்னாதான் உங்க முதல் கலர், கூட யெல்லோ ஓக்கர், அல்ட்ராமரின் ப்ளூ, டைட்டானியம் ஒயிட், கொஞ்சமா அலிசரின் கிரிம்சன். இந்த அஞ்சு போதும், தேரிக்கு இதுக்கு மேல தேவையே இல்லன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

எப்ப போகணும்? ஆடிக்காத்துல போகாதீங்க, மணல் பறந்து ஈர பெயிண்ட்ல ஒட்டிக்கும், எடுக்கவே முடியாது. மார்கழி, தை நல்லது, மழை பெஞ்சு மண்ணு ஈரமா இருந்தா நிறமும் நல்லா ஆழமா தெரியும். மத்தியான வெயில்ல அதே மண்ணு வெளிறிப்போய் ஆரஞ்சா நிக்கும், நிழலெல்லாம் மரத்தடியிலயே சுருண்டு கிடக்கும், மேடுபள்ளமே தெரியாது. சாயந்திரம் 4:30க்கு இடம் பிடிச்சு வெயில் பக்கவாட்டுல வர்ற மாதிரி உக்காருங்க. வெளிச்சம் மாறிக்கிட்டே இருக்கும்கறதால 8க்கு 10 இன்ச் போர்டுல 40 நிமிஷத்துல ஒண்ணு முடிக்கப் பாருங்க, பெரிய கேன்வாஸை வீட்ல வச்சு பண்ணிக்கலாம்.

எல்லாரும் கேன்வாஸுக்கு முதல்ல பர்ன்ட் சியன்னா பூசி காய வைப்பாங்க. இங்க அது வேண்டாம், மண்ணோட நிறமே அதுதானே, மேல வைக்கற சிவப்பு கண்ணுக்கு எடுபடாது. பழைய பெயிண்ட் மிச்சத்தைக் கலந்து நீலம் கலந்த ஒரு சாம்பல் கலர் பூசி வைங்க, அது மேல சியன்னா வச்ச உடனே எரியற மாதிரி தெரியும்.

வரையும்போது கண்ணைச் சுருக்கிப் பாருங்க. வானம், மண்ணு, மரம், இந்த மூணுல எது வெளிச்சம் எது இருட்டுன்னு மட்டும் பார்த்து டர்பன்டைன்ல தண்ணியா கரைச்சு பூசுங்க. சாயந்திரம் பெரும்பாலும் வானம்தான் வெளிச்சம், மண்ணு நடுவுல, பனையும் உடைமரமும் கடைசி. இதுக்கு மேல வர்ற லேயர்கள்ல லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கொஞ்சம் கொஞ்சமா கூடணும், மாத்திப் பண்ணா பின்னாடி வெடிப்பு விடும்.

இப்ப நிழல். தயவுசெஞ்சு கருப்பு வைக்காதீங்க. வெயில் படற மண்ணுல சியன்னா, ஓக்கர், ஒயிட் இருக்கும், நிழல் விழற மண்ணு மேல வானம்தான் வெளிச்சம் அடிக்குது, அதனால சியன்னாவுல அல்ட்ராமரினும் துளி அலிசரினும் போட்டா ஒரு கத்திரிப்பூ சாயல் வரும், கிட்டப்போய் உத்துப் பாருங்க, நிஜமாவே அப்படித்தான் இருக்கும். தூரத்து மேடு போகப்போக சிவப்பைக் குறைச்சு ஒயிட்டும் நீலமும் ஏத்துங்க. காத்து போட்ட மணல் வரிகள் கிட்ட அகலமா, தூரத்துல நெருக்கமா இருக்கணும், எல்லாத்தையும் வரையாதீங்க, முன்னாடி நாலஞ்சு போதும்.

பச்சைக்கு டியூப் பச்சை எடுக்கவே எடுக்காதீங்க. அல்ட்ராமரினும் ஓக்கரும் கலந்தா மங்கலா ஒரு பச்சை வரும், உடைமரத்துக்கும் கொல்லாமரத்துக்கும் (முந்திரி மரம்) அதுவே அளவா இருக்கும், சிவப்பு மண்ணு பக்கத்துல அது தன்னால பளிச்சுன்னு தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் பனையோட அடிமரம், கீழ இருக்கற மண்ணோட செவப்பு அதுல ஏறி அடிக்கும், அந்த சாம்பல்ல ஒரு துளி சியன்னா வச்சாத்தான் மரம் அந்த மண்ணுல வேர் விட்டு நிக்கற மாதிரி இருக்கும்.

ஒயிட் நிறைய போட்ட வானம் மெதுவா காயும், சியன்னா சீக்கிரம் காஞ்சிடும், அதனால தொட்டுப் பார்க்கறதா இருந்தா வானத்தைப் பாருங்க. வார்னிஷ் அடிக்க குறைஞ்சது 6 மாசம் விடுங்க. லின்சீட் ஆயில் துடைச்ச துணியை சுருட்டி மூலையில போடாதீங்க, தானா சூடாகி தீப்பிடிக்கும், தண்ணி ஊத்தின டப்பாவுல போட்டு மூடி வைங்க.