முதலீட்டுத் துறையினரிடம் பேசும்போது சறுக்கும் கேள்விகள்

சிஎஃப்ஏ (முதலீட்டுத் துறைக்கான தேர்வு) எழுதுபவர், எம்பிஏ மாணவர், வங்கி வேலையிலிருந்து ரிசர்ச் பக்கம், அதாவது கம்பெனிகளை அலசி அறிக்கை எழுதும் வேலைக்குத் தாவ நினைப்பவர் என எல்லோருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "ஃபீல்டுல இருக்கறவங்ககிட்ட பேசிப் பாருங்க." அப்படி லிங்க்டுஇன்னில் தேடிப் பிடித்து வாங்கிய இருபது நிமிடமும் பல நேரம் "சார், மார்க்கெட் எப்படிப் போகும்?" என்பதிலேயே கரைந்துவிடுகிறது.

இருப்பதிலேயே மோசமான கேள்வி "எந்தப் பங்கு வாங்கலாம்?" என்பது. கேட்பவருக்கு அது சாதாரண விசாரிப்பு. எதிரே இருப்பவருக்கு அது வேலைக்கே உலை வைக்கக்கூடியது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2014-ஆம் ஆண்டு ரிசர்ச் அனலிஸ்ட் விதிகளின்படி, ஒரு பங்கைப் பற்றி அறிக்கை வெளியிடும் அனலிஸ்ட் அதற்கு முந்தைய 30 நாளும் பிந்தைய 5 நாளும் அந்தப் பங்கைத் தன் கணக்கில் தொடக் கூடாது. இப்படிக் கட்டுப்பாட்டில் இருப்பவர் காபிக் கடையில் உங்களுக்கு டிப்ஸ் தருவார் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

இதைவிட ஆபத்தானது, "அடுத்த ரிசல்ட் எப்படி வரும்னு கம்பெனி தரப்புல ஏதாவது சொன்னாங்களா?" என்பது. 2015-ஆம் ஆண்டு இன்சைடர் டிரேடிங் விதிகள், பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய வெளிவராத தகவலைச் சொல்பவரை மட்டும் பிடிப்பதில்லை. அதைக் கேட்டு வாங்குபவரையும் பிடிக்கும். மியூச்சுவல் ஃபண்ட் பணத்தை முதலீடு செய்யும் ஃபண்ட் மேனேஜரிடம் "இந்த மாசம் என்ன வாங்கறீங்க?" என்று கேட்டாலும் பேச்சு அங்கேயே சுருங்கிவிடும். போன மாதம் என்ன வைத்திருந்தார் என்பது மாதம் முடிந்து 10 நாளுக்குள் ஏஎம்சி (ஃபண்டை நடத்தும் நிறுவனம்) இணையதளத்திலேயே வந்துவிடும். இரண்டு மாதப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு பங்கை முழுசா விக்கறதுக்கு முன்னாடி உங்க டீம்ல என்னென்ன பேசுவீங்க?" என்று கேளுங்கள். அதற்கு அவரால் தாராளமாகப் பதில் சொல்ல முடியும்.

கூகுளில் இருப்பதைக் கேட்பது அடுத்த தவறு. அவர் எந்த செக்டரைப் பார்க்கிறார், அவருடைய ஃபண்ட் எந்த வகை, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அவருடைய புரொஃபைலிலும் ஃபண்டின் ஃபேக்ட்ஷீட்டிலும் (மாதத் தகவல் தாள்) இருக்கும். கம்பெனிகள் ரிசல்ட்டுக்குப் பிறகு அனலிஸ்ட்களோடு போனில் பேசும் கான்காலின் எழுத்துவடிவம் (டிரான்ஸ்கிரிப்ட்) ஐந்து வேலை நாளுக்குள் பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் ஏறிவிடும். பேசப் போவதற்கு முன் அவர் பார்க்கும் செக்டரில் ஒரு கம்பெனியை எடுத்து, கடைசி இரண்டு கான்கால்களையாவது படித்துவிடுங்கள். அரை நாள் வேலைதான்.

படித்ததை எப்படிக் கேள்வியாக்குவது? டயர் கம்பெனிகளைப் பார்க்கும் அனலிஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். "ஆட்டோ செக்டர் எப்படி இருக்கு சார்?" என்றால் டிவியில் சொல்லும் நாலு வரிதான் திரும்பி வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ரப்பர் விலை ஏறினா லாப மார்ஜின் அடி வாங்குதுன்னு புரியுது. ஆனா பழைய விலைக்கு வாங்கின கையிருப்பு இருக்கறதால உடனே தெரியாதுல்ல? உங்க மாடல்ல அதை எத்தனை மாசம் தள்ளிப் போடுவீங்க?" (மாடல் என்பது கம்பெனியின் வருங்கால லாபத்தைக் கணிக்கும் எக்செல் கணக்கு.) இதில் உங்களுக்கு என்ன தெரியும், எங்கே முட்டுகிறீர்கள் என்பது இரண்டும் அவருக்குப் புரிந்துவிடுகிறது. "அது ரீபிளேஸ்மென்ட் மார்க்கெட்ல எவ்வளவு விக்கறாங்கங்கறதைப் பொறுத்தது" என்று அவர் சொல்லலாம்; தேய்ந்த டயரை மாற்றுபவர்களுக்கு விற்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். எழுதி வைத்திருக்கும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். அங்கேயே நில்லுங்கள். "அந்த விற்பனை எவ்வளவுன்னு ஆண்டறிக்கையில இருந்து எடுப்பீங்களா, டீலர்கள்கிட்ட விசாரிப்பீங்களா?" என்று கேட்டால் அவருடைய அன்றாட வேலையே வெளியே வரும். எழுதிப் போகும் கேள்விகள் நாலைந்து போதும். ஒரே மூச்சில் மூன்றைக் கேட்டால் அவர் சுலபமான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஆள் யார் என்று பிரித்துப் பார்க்காமல் கேட்பதும் உண்டு. புரோக்கரேஜில் (பங்குத் தரகு நிறுவனம்) இருக்கும் செல்-சைடு அனலிஸ்ட் எழுதும் அறிக்கை வாடிக்கையாளர்களுக்குப் போவது. ஏஎம்சியிலோ இன்ஷூரன்ஸ் கம்பெனியிலோ இருக்கும் பை-சைடு ஆள் எழுதுவது உள்ளேயே இருக்கும். அவரிடம் "ஒரு ரிப்போர்ட் அனுப்புங்க" என்றால் சங்கடம்தான் மிஞ்சும். எக்செல் மாடலைக் கேட்பதும் அப்படியே. அது கம்பெனி சொத்து. வெல்த் மேனேஜ்மென்ட்டில் (வசதி படைத்தவர்களின் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை) இருப்பவரிடம் வேல்யுவேஷன், அதாவது ஒரு பங்கின் மதிப்புக் கணக்கைக் கேட்பதைவிட, ஒருவருக்கெனத் தனியாகப் பங்குகளை நிர்வகித்துத் தரும் பிஎம்எஸ்ஸில் குறைந்தபட்சம் 50 லட்ச ரூபாய் போட்ட ஒருவர் சந்தை விழும்போது என்ன கேட்பார், அதற்கு இவர் என்ன சொல்வார் என்று கேட்கலாம்.

சம்பளத்தை நேராகக் கேட்காதீர்கள். "புதுசா சேர்றவங்களுக்குப் பொதுவா எவ்வளவு தர்றாங்க?" என்றால் தப்பில்லை, அதுவும் பேச்சு நன்றாகப் போனால் மட்டும். முதல் மெசேஜிலேயே ரெஸ்யூமை இணைத்து "வேகன்சி இருக்கா?" என்பவருக்குப் பெரும்பாலும் பதிலே வராது. வந்தாலும் "எச்ஆருக்கு அனுப்புங்க" என்றுதான் வரும்.

நேரமும் முக்கியம். கம்பெனிகளுக்குக் காலாண்டு ரிசல்ட் வெளியிட 45 நாள், ஆண்டு ரிசல்ட்டுக்கு 60 நாள் கெடு. கடைசி நேரத்தில் குவியும் என்பதால் பிப்ரவரி, ஆகஸ்ட், நவம்பரின் முதல் பாதியும், மே மாதம் முழுவதும் இவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மார்ச், ஜூன் பின்பாதி, செப்டம்பர், டிசம்பர் பரவாயில்லை. போன் என்றால் மாலை 3.30-க்குச் சந்தை மூடிய பிறகு பேசக் கேளுங்கள்; காலையில் 9.15-க்கு முன் மார்னிங் மீட்டிங்கில் இருப்பார்கள்.

பேசி முடித்த அன்றே நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். அவர் படிக்கச் சொன்னது ஏதாவது இருந்தால் படித்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து, "நீங்க சொன்ன ஆண்டறிக்கையைப் பார்த்தேன், சரக்கு விக்காம கையிருப்புல கிடக்கற நாள்கள் கூடிக்கிட்டே போகுது, ஏன்னு புரியலை" என்று ஒரே ஒரு சந்தேகத்தோடு மறுபடி எழுதுங்கள். அதிலும் ரெஸ்யூம் வேண்டாம். அவரே கேட்கும்போது கொடுத்தால் போதும்.