நாள்பட்ட கீழ்முதுகு வலி: ஸ்கேனுக்கு முன் கையால் பார்க்க வேண்டியவை

12 வாரங்களைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறோம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, இரு கால்களும் வலுவிழப்பது என எது புதிதாக வந்திருந்தாலும் மற்றதெல்லாம் பிறகு, அன்றே எம்.ஆர்.ஐ. எடுத்து அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு வந்த புற்றுநோய், நீண்டநாள் ஸ்டீராய்டு, விழுந்து அடிபட்டது பற்றியும் விடாமல் கேளுங்கள்.

45 வயதுக்கு முன் தொடங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடும் வலி முதுகெலும்பு அழற்சியாக இருக்கலாம். தசைப்பிடிப்பு என்று ஆண்டுக்கணக்கில் தவறவிடப்படுவது இதுதான். மூட்டுவாத நிபுணர் பார்க்க வேண்டும்.

அடுத்து நரம்பு. எல்4, எல்5, எஸ்1 என்பவை கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வேர்கள். குதிகாலால் நடக்கத் தடுமாறினால் பாதிப்பு எல்4, எல்5. முன்பாதத்தால் எழும்ப முடியாவிட்டால் எஸ்1. கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி விரலால் எதிர்த்து அழுத்துங்கள். எல்5 பலவீனம் பெரும்பாலும் இங்கேதான் முதலில் பிடிபடும்.

நீட்டிய காலைத் தூக்கிப் பார்ப்பதில்தான் அதிகம் பிழை நேர்கிறது. மல்லாந்து படுத்தவரின் முழங்கால் மடங்காமல் மெல்ல உயர்த்துங்கள். 30 முதல் 70 டிகிரிக்குள் வலி முழங்காலுக்குக் கீழே பாய்ந்தால் நரம்பு அழுந்துகிறது. பின்தொடை மட்டும் இழுத்தால் அது தசை இறுக்கம். சந்தேகமானால் வலி நிற்கும்வரை காலைச் சற்றே இறக்கி, பாதத்தை முகம் நோக்கி மடக்குங்கள். வலி திரும்பினால் நரம்புதான். நல்ல காலைத் தூக்கும்போது வலிக்கும் காலில் வலி பாய்ந்தால், டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) பிதுங்கியிருப்பது அநேகமாக உறுதி.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் ஸ்கேன் வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்கும் டிஸ்க் தேய்மானம் தெரியும்; அந்த அறிக்கையைப் படித்தவர் குனியவே பயப்படத் தொடங்கிவிடுவார், வலி இன்னும் வேரூன்றும்.

சிகிச்சையின் மையம் உடற்பயிற்சி. படுத்த படுக்கை தசையைக் கரைக்கும். தினசரி நடையோடு, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எதிரெதிர் கை காலை நீட்டுவது என 8 முதல் 10 முறையில் தொடங்கலாம். மறுநாளும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். பாராசிட்டமால் மட்டும் பெரிதாக உதவாது. ஐபுபுரூஃபன் போன்றவை குறைந்த அளவில், சில நாட்களுக்கே. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் உள்ளவர்களுக்குத் தவிர்க்க வேண்டும். கால் பலவீனம் கூடிக்கொண்டே போனால் காத்திருக்காமல் அறுவை மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.