வீடு ஏலத்துக்கு வருமுன் உள்ளூர் வழக்கறிஞரைத் தேடுவது எப்படி?

அமெரிக்காவில் வீட்டுக் கடன் தவணை தவறி, வீட்டை ஏலம் விடப்போவதாக அறிவிப்பு வந்தால், உங்கள் மாநிலத்தில், முடிந்தால் உங்கள் கவுண்டியிலேயே (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி), இத்தகைய வழக்குகளை நடத்திப் பழகிய வழக்கறிஞர் ஒருவரைத் தேடுங்கள். ஃபுளோரிடா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தே வீட்டை விற்க முடியும். ஃபுளோரிடாவில் சம்மன் கைக்கு வந்த 20 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தாக்கல் செய்யாவிட்டால், உங்கள் தரப்பைக் கேளாமலே தீர்ப்பாகிவிடக்கூடும். டெக்சாஸில் பெரும்பாலும் நீதிமன்றமே குறுக்கிடுவதில்லை. ஏலத்துக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன் அறிவிப்பு கொடுத்துவிட்டு, வழக்கமாக மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை விற்றுவிடுவார்கள். எனவே வேறு மாநிலத்தில் எவ்வளவு பெயர் பெற்ற வழக்கறிஞராக இருந்தாலும், உங்கள் ஊர் நடைமுறையும் கெடுவும் தெரியாதவரால் பயனில்லை.

வருமானம் குறைவாக இருந்தால், முதலில் இலவசச் சட்ட உதவி அமைப்புகளை அணுகுங்கள். கூட்டாட்சி அரசின் நிதியில் இயங்கும் லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷனிடம் மானியம் பெறும் அமைப்புகள் எல்லா மாநிலங்களிலும் உண்டு. பொதுவாக வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்துக்குள் வருமானம் உள்ளவர்களை அவை ஏற்கின்றன. வீட்டுவசதித் துறையான ஹட் அங்கீகரித்த ஆலோசகர்கள் வழக்கறிஞர்கள் அல்லர். ஆயினும் நிவாரணம் கோரிக் கடன் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க உதவுவார்கள். வருமானம் அந்த வரம்பைத் தாண்டினால், மாநில அல்லது கவுண்டி வழக்கறிஞர் சங்கத்தின் பரிந்துரைச் சேவையைக் கேளுங்கள். யார் பெயர் கிடைத்தாலும், அவருடைய உரிமம் நடப்பில் உள்ளதா, அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை, உரிமம் வழங்கும் மாநில அமைப்பின் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள்.

முதல் சந்திப்புக்குக் கடன் பத்திரம், அடமானப் பத்திரம், மாதாந்திர அறிக்கைகள், சம்மன், வந்த கடிதங்கள் அனைத்தையும் உறைகளோடு எடுத்துச் செல்லுங்கள். உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரைத் தேதிகூட சில சமயம் வாதத்துக்கு உதவும். எந்த மாதம் தவணை நின்றது, யாரிடம் எப்போது பேசினீர்கள் என்பதை ஒரே தாளில் எழுதிக்கொண்டால், அரை மணி நேரச் சந்திப்பு வீணாகாது.

அங்கே நான் தவறாமல் கேட்கச் சொல்லும் கேள்வி தேதி பற்றியது. கூட்டாட்சி விதிப்படி, நீங்கள் குடியிருக்கும் வீடானால், பொதுவாகத் தவணை 120 நாட்களுக்கு மேல் பாக்கியாகும் வரை ஏல நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது. கடன் நிவாரணம் கோரும் முழுமையான விண்ணப்பம் ஏலத் தேதிக்கு 37 நாட்களுக்கும் மேல் முன்னதாகச் சேர்ந்துவிட்டால், அதன்மீது முடிவெடுக்கும் வரை பெரும்பாலும் விற்கவும் கூடாது. இவ்விரண்டும் உங்கள் விஷயத்தில் பொருந்துகின்றனவா என்று கேட்டால், அவர் பதில் சொல்லும் விதத்திலேயே அனுபவம் தெரிந்துவிடும். பாக்கியை 3 முதல் 5 ஆண்டுகளில் அடைக்க வழிசெய்யும் திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயப்படியான மனு, ஏலத்துக்கு முன் தாக்கலானால் பொதுவாக ஏலத்தை உடனே நிறுத்தும். ஆனால் எல்லாருக்கும் அது ஏற்றதல்ல என்பதால், அதன் பாதகங்களையும் விளக்கச் சொல்லுங்கள்.

கடன் தவணையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் நிறுவனங்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. கூட்டாட்சி விதி இதைத் தடை செய்கிறது. வழக்கறிஞருக்கு விலக்கு உண்டு என்றாலும், அவர் உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்றிருக்கவும், அந்தப் பணத்தைக் கட்சிக்காரர் பணத்துக்கான தனிக் கணக்கில் வைக்கவும் வேண்டும். வீட்டுப் பத்திரத்தைத் தம் பெயருக்கு மாற்றித் தரச் சொல்பவரையும், வங்கியுடன் பேசாதீர்கள் என்பவரையும் உடனே விட்டு விலகுங்கள்.

கட்டணம் மொத்தத் தொகையா, மணிக்கணக்கா, நீதிமன்றத்தில் ஆஜராவது அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கியபின் கையெழுத்திடுங்கள். முழு வழக்குக்கும் பணம் போதாவிட்டால், பதில் மனுவை மட்டும் தயாரித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பல மாநிலங்களில் அத்தகைய வரம்புக்குட்பட்ட உதவிக்கு அனுமதி உண்டு.